நாக்கை நீட்டுங்க, சார்

"நாக்கை நீட்டுங்க, சார்"னு சொன்னேன். நீட்டினான்.

பதினோரு வருஷம். அந்த நாக்கை என்னென்னவோ பண்ணணும்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டு இருந்தேன். கடைசியில அதுவே பதினெட்டுப் படி ஏறி வந்து, என் எதிர்ல ஸ்டூல்ல உக்காந்து, சொன்னதும் நீளுது. ஓரமெல்லாம் பல் பதிஞ்ச தடம், நுனி சிவப்பு, நடுவுல வெள்ளையா மாவு பூசின மாதிரி. தூக்கம் கெட்ட, பயந்துபோன ஆளோட நாக்கு. எங்க வைத்தியத்துல முதல்ல நாக்கைப் பார்ப்போம், அப்புறம் நாடி. நாக்குக்கு மூணு எண்ணுற நேரம் போதும். நான் நிதானமா முப்பது எண்ணினேன். எச்சில் ஒழுகிச்சு. "இன்னும் கொஞ்சம் நீட்டுங்க"ன்னேன்.

எனக்கு மூஞ்சியில மாஸ்க், தலையில துணித் தொப்பி, அந்தக் காலத்தைவிடப் பன்னிரண்டு கிலோ கூடின உடம்பு. அவனுக்கு என்னைத் தெரியலை. கார்டுல என் பேரு கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்கு, அதைப் படிச்சும் தெரியலை. எப்படித் தெரியும்? அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாதே.

வெளியில 'சார்', 'நீங்க'. உள்ளுக்குள்ள 'அவன்'தான். இந்தக் கதையிலயும் அவன்தான். கோவிச்சுக்காதீங்க.

என் கிளினிக் ஒரு சாவிக் கடைக்கு மேல இருக்கு. ஒரு ஹால், உள்ளே திரை போட்ட மூணு பெஞ்சு. போர்டுல 'முட்டி வலி, முதுகு வலி, கழுத்து வலி'ன்னுதான் போட்டிருப்பேன். முதல் வருஷம் 'பதட்டம், மனச்சோர்வுக்கு அக்குபஞ்சர்'னு எழுதிப் பார்த்தேன். ஒரு ஈ காக்கா படியேறலை. சாவிக் கடைக்காரர் மட்டும் வந்தாரு, போர்டு தன் கடைப் பேரை மறைக்குதுன்னு சண்டை போட. அதுக்கப்புறம்தான் முட்டிக்கு மாறினேன். அன்னிலேருந்து ஹால் ரொம்பி வழியுது. முன் மேஜையில என் அண்ணி உக்காந்திருப்பா. என் அண்ணன் பொண்டாட்டி. வர்றவங்களை ஏற இறங்கப் பார்த்துட்டு, மெதுவாக் கேப்பா: "முட்டி வலிக்குதா? இல்ல, முட்டுதா?"

மூச்சு முட்டுது, தொண்டை முட்டுது, நெஞ்சுல ஏதோ வந்து முட்டுது. இப்படிச் சொல்ல வாய் வராம நிக்கறவங்க அந்தக் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுவாங்க. அண்ணி கார்டுல 'முட்டி'ன்னு எழுதி ஒரு வட்டம் போடுவா. வட்டம் போட்ட முட்டின்னா நடக்கறதுக்குக் கஷ்டம் இல்ல, இருக்கறதுக்குக் கஷ்டம். அவன் கார்டுலயும் வட்டம் இருந்துச்சு. வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உச்சி குளுந்துபோச்சு.

ஏன்னு சொல்றேன்.

அப்போ நான் ஒரு பார்சல் கம்பெனியில புகார் கேக்கற பிரிவுல இருந்தேன். எட்டுப் பேரு, எட்டுப் போனு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் "என் பார்சல் எங்கே?"ன்னு எவனாவது கத்துவான், நாங்க "மன்னிக்கணும்"னு சொல்லணும். அவன்தான் எங்களுக்குத் தலைவன். விசில் அடிச்சுக்கிட்டே நடப்பான். நாங்க வெச்ச பேரும் விசில்தான். சத்தம் வராண்டாவுல கேட்டாலே எட்டுப் பேரும் முதுகை நிமித்திக்குவோம்.

அம்மா இறந்துபோன வருஷம் அது. எனக்கு எழுந்து பல் தேய்க்கறதே மலையை நகர்த்தற வேலையா இருந்துச்சு. அண்ணிதான் இழுத்துக்கிட்டுப் போய் ஒரு மனநல டாக்டரம்மாகிட்ட காட்டினா. தினம் ஒரு மாத்திரை. ரெண்டு மாசத்துல கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சுது. அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை, ஸ்டேப்ளர் தேடறேன்னு என் டிராயரைக் குடைஞ்சவன் கையில என் மாத்திரை அட்டை அகப்பட்டுது. சத்தமில்லாம எடுத்துக்கிட்டான். மீட்டிங்ல தலைக்கு மேல தூக்கிக் காட்டி, மருந்துப் பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சான். போன்ல தேடி, எதுக்குக் குடுக்கற மாத்திரைன்னு அதையும் படிச்சான். "அதான் பார்சல் காணோம்னு கஸ்டமர் அழறதுக்கு முன்னாடி இந்தம்மா அழுதுடுதா!"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதை நெனச்சாத்தான் இன்னிக்கும் வயிறு எரியுது, நானும் சேர்ந்து சிரிச்சேன்.

அன்னிலேருந்து என் பேரு மாத்திரை. "மாத்திரை, லைன் ரெண்டு!" "மாத்திரை, சாப்டாச்சா? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" நாக்குல நரம்பில்லாத பேச்சு. அன்னைக்கே அட்டையை வீட்டுக் குப்பைக்கூடையில போட்டேன். ஒரேயடியா நிறுத்தினேன். அப்படி நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் வெக்கம் ஜெயிச்சுது.

தலைக்குள்ள மின்சாரம் அடிக்கற மாதிரி இருந்துச்சு. கை நடுங்கிச்சு. பன்னிரண்டாம் நாள் அறைக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டேன். குப்பைக்கூடையில அட்டையைப் பார்த்த அண்ணி இரும்பு ஸ்டூலைத் தூக்கிக் கதவை உடைச்சா. அவளுக்கு மட்டும் தெரியாம இருந்திருந்தா இந்தக் கதையைச் சொல்ல இன்னிக்கு ஆள் இல்லை.

டாக்டரம்மா திரும்ப மாத்திரை ஆரம்பிச்சாங்க. தூக்கத்துக்காக ஊசியும் வெச்சுப் பாருன்னு ஒரு இடத்துக்கு அனுப்பினாங்க. குத்தின இடத்துல கனமா ஒரு வலி பரவி, மூச்சு நிதானத்துக்கு வந்து, அந்தப் பெஞ்சுலயே தூங்கிட்டேன். வேலையைத் தலைமுழுகிட்டு மூணு வருஷம் இதையே படிச்சேன். வட்டம் போட்ட ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல் நாளே சொல்லிடுவேன்: ஊசி ஊசி வேலையைப் பார்க்கும், மாத்திரை மாத்திரை வேலையைப் பார்க்கும். மாத்திரையை நிறுத்தறதா இருந்தா எழுதிக்குடுத்த டாக்டர் சொல்லணும், நானும் சொல்லக் கூடாது, நீங்களும் முடிவு பண்ணக் கூடாது.

அவன் படிவத்துல 'மருந்து எதுவும் சாப்பிடறதில்லை'ன்னு எழுதியிருந்தான். எழுதினாலும் எழுதாட்டியும் எல்லாருக்கும் சொல்றதை அவனுக்கு மட்டும் சொல்லலை. நான் முப்பது எண்ணறதுல மும்முரமா இருந்தேன்.

வாரம் ஒரு தடவை, ஒன்பது ஊசி. புருவ நடுவுல ஒண்ணு, காதுல ரெண்டு, மணிக்கட்டுல ரெண்டு, முழங்காலுக்குக் கீழே ரெண்டு, பாதத்துல கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல ரெண்டு. பாதத்து ஊசி சுருக்குனு இழுக்கும். அது சரியான இடம்தான். என் தொழில்ல நான் தப்புப் பண்ண மாட்டேன். ஆனா மத்தவங்ககிட்ட "இது கொஞ்சம் சுருக்குனு இருக்கும், பயப்படாதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்வேன். அவன்கிட்ட சொல்லலை. அவன் "ஆ!"ன்னு கத்தறப்போ "கனம் வருதா, சார்?"னு தேனொழுகக் கேட்டேன். கீழ்த்தரமான சந்தோஷம்தான். இருந்துட்டுப் போகட்டும்.

நாலாவது வாரம் ஊசியோட படுத்துக்கிட்டே வாயைத் திறந்தான். ஆபீஸ்ல பதவியை இறக்கிட்டாங்களாம். புதுசா வந்த மேனேஜர் பாதி வயசு. மீட்டிங்ல பேசும்போது கை நடுங்கிடுச்சு. அந்த மேனேஜர் எல்லாருக்கும் காட்டி, "சார் வைப்ரேஷன் மோடுல இருக்காரு"ன்னானாம். இப்போ ஆபீஸ் பூரா அவனுக்கு வைப்ரேஷன்னுதான் பேராம்.

"ஒரு மனுஷனுக்கு இப்படியெல்லாம் பேர் வெக்கலாமா, மேடம்?"னு கேட்டான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. மாஸ்க் கட்டியிருந்தது நல்லதாப் போச்சு. "ஐயோ பாவம். வெக்கக் கூடாதுதான், சார்"னு சொல்லி மணிக்கட்டு ஊசியை லேசாத் திருகினேன்.

எழுந்து உக்காந்ததும் சட்டைப் பையிலேருந்து ஒரு புதினா மிட்டாய் டப்பாவை எடுத்தான். திறந்தான். உள்ளே மாத்திரை. "படிவத்துல பொய் எழுதிட்டேன். நாலு மாசமா சாப்பிடறேன். யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்கே தெரியாது. முட்டி வலின்னு நெனச்சுக்கிட்டிருக்கா, தினம் ராத்திரி எண்ணெய் வேற தேச்சு விடறா"ன்னான். அப்புறம் குரலைத் தழைச்சு, "உங்க ஊசி நல்லாக் கேக்குது. இந்தக் கருமத்தை நிறுத்திடலாமா?"ன்னு கேட்டான்.

என் மாத்திரையோட அதே பேரு. அதே வெள்ளை. அட்டையிலேருந்து உரிச்சுப் போட்டிருந்தான், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வார்த்தை போதும் எனக்கு. 'நிறுத்துங்க.' ஒரு காகிதம் கிடையாது, ஒரு சாட்சி கிடையாது. நான் பன்னிரண்டு நாள் எந்தக் குழியில கிடந்தேனோ, அதே குழியில அவன் தானா நடந்து போய் விழுவான். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, "அடுத்த வாரம் சொல்றேன், சார். யோசிக்கணும்"னேன்.

நிறுத்தக் கூடாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அதான் உண்மை.

மதியம் அண்ணியும் நானும் டிபன் பாக்ஸைத் திறந்து உக்காந்தப்போ சொன்னேன். விசில்னதும் அவளுக்குக் கை நின்னுடுச்சு. "அந்தப் பாவியா? தெரிஞ்சிருந்தா படியிலேயே உருட்டி விட்டிருப்பேனே!"ன்னா.

"அதைவிட சுலபமா ஒரு வழி இருக்கு அண்ணி. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை."

அண்ணி எனக்கு நல்ல புத்தி சொல்லுவான்னு எதிர்பார்த்தேன். சொல்லலை. "சொல்லேன். எனக்கென்ன? ஒண்ணு மட்டும் கேக்கறேன். அவன் வீட்டுல கதவை உடைக்க ஆள் இருக்கா?"ன்னா.

"பொண்டாட்டி இருக்கா. ஆனா அவளுக்கு எதுவும் தெரியாது. முட்டிக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டிருக்கா."

"அப்போ உடைக்க ஆள் இல்லைன்னு சொல்லு"ன்னா. சொல்லிட்டு டப்பாவை மூடிட்டா. பாதிச் சாப்பாடு அப்படியே இருந்துச்சு.

எனக்கும் இறங்கலை. சரி, நிறுத்தக் கூடாதுன்னே சொல்லித் தொலைக்கறேன்னேன். "இப்பவே போனைப் போடு"ன்னா அண்ணி. "அடுத்த வாரம் வருவான்ல, அப்போ சொல்றேன். ஒரு வாரம் தவிக்கட்டும்"னேன். அண்ணி முறைச்சா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அந்த ஒரு வாரத் தவிப்பு எனக்கு வேண்டியிருந்துச்சு.

அடுத்த வாரம் அவன் படியேறி வரும்போதே தெரிஞ்சுபோச்சு. சட்டைப் பட்டன் மாத்திப் போட்டிருந்தான். நாற்காலி நுனியில உக்காந்து கதவையே பார்த்துக்கிட்டிருந்தான். ஹால்ல அஞ்சு பேரு இருந்தாங்க, அஞ்சு பேரும் வட்டம். நான் உள்ளே கூப்பிடக்கூட இல்லை, ஹால்லயே போய் அவன் கையைப் பிடிச்சேன். நாடி தறிகெட்டு ஓடுது.

"எத்தனை நாளாச்சு?"

"என்ன எத்தனை நாள், மேடம்?"

"டப்பாவைத் திறந்து எத்தனை நாளாச்சு?"

"போன வாரம் இங்கேருந்து போனதுலேருந்து. நீங்க வேண்டாம்னு சொல்லலையே. சம்மதம்தான்னு எடுத்துக்கிட்டேன்."

அடிப்பாவி மவளேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஆனா முதல்ல வந்தது அது இல்லை. பொய் சொல்ல மாட்டேன், முதல்ல வந்தது சந்தோஷம். கேட்டது கிடைச்சுட்ட சந்தோஷம். அது ஒரு மூச்சு விடற நேரம் இருந்துச்சு. அப்புறம் அவன் தலையை ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு, "தலைக்குள்ள மின்சாரம் அடிக்குது, மேடம். நேத்து மத்தியானம் மொட்டை மாடிக்குப் போயிட்டேன். எதுக்குப் போனேன்னே தெரியலை"ன்னான். நான் வாயைத் திறக்காம இருந்ததுக்கு ஒரு ஆளு மொட்டை மாடி வரைக்கும் போயிட்டு வந்திருக்கான்.

"உங்க டாக்டர் நம்பர்"னு கையை நீட்டினேன். என் குரல் எனக்கே பயமா இருந்துச்சு. குடுத்தான். பேசினேன். எத்தனை நாள், என்ன அளவு, மொட்டை மாடி, எல்லாத்தையும் சொன்னேன். நான் எதைச் சொல்லாம விட்டேன்கறதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவங்க என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டினாங்க, கட்டட்டும். இப்பவே பழைய அளவுல ஒண்ணு போடச் சொல்லுங்க, மூணு மணிக்குள்ள என்கிட்ட கூட்டிக்கிட்டு வாங்க, தனியா மட்டும் விடாதீங்கன்னாங்க.

அண்ணி ஒரு டம்ளர் தண்ணியை மேஜையில டக்குனு வெச்சா.

அவன் டப்பாவை எடுத்தான். ஹாலைச் சுத்திப் பார்த்தான். பஸ் டிரைவர், தையல்காரம்மா, டீச்சர், இன்னும் ரெண்டு பேரு. எல்லாரும் அவனையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "பாத்ரூம்ல போய்ப் போட்டுக்கறேன், மேடம்"னு முணுமுணுத்தான்.

"முடியாது. இங்கேயே."

"ஆளுங்க பாக்கறாங்க, மேடம். அசிங்கமா இருக்கு. நாளைக்கு வெளியில மூஞ்சியைக் காட்ட வேண்டாமா?"

பாத்ரூமுக்கு விட்டா துப்பிட்டு வருவான்னு எனக்குத் தெரியும், திரும்ப ஆரம்பிச்ச புதுசுல நானே அப்படித் துப்பினவதான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்களுக்கும் தெரியும். எல்லாரும் பார்க்க அவன் அதை வாயில போடணும்னு எனக்கு இருந்துச்சு. தப்புதான், தெரிஞ்சேதான் பண்ணினேன்.

மாஸ்க்கைக் கழட்டினேன். தொப்பியைக் கழட்டினேன். அண்ணியோட மேஜை டிராயரை நானே திறந்து என் மாத்திரை அட்டையை எடுத்து, அன்னைக்கு அவன் எப்படித் தூக்கினானோ அப்படியே தலைக்கு மேல தூக்கினேன். மருந்துப் பேரை ஒவ்வொரு எழுத்தா, சத்தமா, எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

"இது என்னுது. பதினோரு வருஷமா சாப்பிடறேன். இன்னிக்குக் காலையிலயும் சாப்பிட்டேன். உங்க டப்பாவுல இருக்கறதும் இதேதான்"னேன். "எனக்கு ஒரு பேரு வெச்சீங்களே, சார். ஞாபகம் இருக்கா? லைன் ரெண்டு?"

அவன் பார்த்தான். அட்டையைப் பார்த்தான், என் மூஞ்சியைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். மூஞ்சியில ஈயாடலை.

"மா..."ன்னான். மேல வரலை.

"சொல்லுங்க. கேக்கறேன்."

"மாத்தி..." அவ்வளவுதான். உதடு கோணி, பச்சைப் புள்ளை மாதிரி அழ ஆரம்பிச்சுட்டான். ஹால்ல யாரும் சிரிக்கலை. நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன், ஒருத்தராவது சிரிக்க மாட்டாங்களான்னு. தையல்காரம்மா மட்டும் பையைத் துழாவி, "எனக்கும் ஒரு டம்ளர் தண்ணி குடு தாயி, மத்தியான மாத்திரை மறந்தே போச்சு"ன்னு அண்ணியைக் கேட்டாங்க.

"அழுதது போதும். முழுங்குங்க"ன்னேன்.

வாயில போட்டான். தண்ணி குடிச்சான். தொண்டை ஏறி இறங்கறதைப் பார்த்தேன்.

"நாக்கை நீட்டுங்க, சார்."

நீட்டினான். "மேல தூக்குங்க." தூக்கினான். அடியில ஒண்ணும் ஒளிஞ்சிருக்கலை, உள்ளே போயிருந்துச்சு. இந்தத் தடவை மூணுதான் எண்ணினேன்.

"என்னை மன்னிச்சிடும்மா"ன்னான், கண்ணைத் துடைச்சுக்கிட்டே.

"மாட்டேன்"னேன். "நானும் போன வாரம் உங்களுக்கு ஒரு அநியாயம் பண்ணியிருக்கேன். அதை நீங்க மன்னிக்க வேண்டாம். நீங்க அன்னைக்குப் பண்ணினதை நான் மன்னிக்கலை. இப்போ உங்க வீட்டுக்காரிக்குப் போன் போடுங்க."

"அவளுக்கு எதுக்கு? வேண்டாம். பயந்துடுவா."

"பயப்படட்டும். ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணும், சார். நீங்க உள்ளேருந்து தாழ் போட்டா வெளியிலேருந்து கதவை உடைக்க ஒரு ஆளு வேணும். எனக்கு இவ இருந்தா"ன்னு அண்ணியைக் காட்டினேன். அண்ணி கார்டுங்களை அடுக்கற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

போனை எடுத்தான். ரெண்டு தடவை நம்பரைத் தப்பா அழுத்தினான். அந்தப் பக்கம் எடுத்தாங்க. "நான்தான். கிளினிக்ல இருக்கேன். கிளம்பி வா"ன்னான். அவங்க என்னவோ கேட்டாங்க. அவன் என்னைப் பார்த்தான். நான் அசையலை.

"இல்லம்மா. முட்டி இல்ல"ன்னான். "முட்டுது."

அரை மணியில அந்தம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. கை பூரா எண்ணெய் வாசனை. மூணு பேருமா டாக்டர்கிட்ட போனோம். ஆட்டோவுல அவன் நடுவுல உக்காந்திருந்தான், விசில் வரலை அந்த வாயிலேருந்து. எனக்கு ஆறிடுச்சான்னு கேட்டா, ஆறலை. ஆறவும் வேண்டாம். மாத்திரையை வீட்டுலயே குடுத்தாப் போதும், வீட்டுக்காரம்மா பார்த்துக்கட்டும்னாங்க டாக்டர். இல்லை டாக்டர், ஒரு மாசத்துக்கு என் எதிர்லதான் சாப்பிடணும்னு சொன்னேன். தினம் பத்து மணிக்கு ஹாலுக்கு வரணும், எல்லாரும் பார்க்க முழுங்கணும், நாக்கை நீட்டணும். நீட்டறானான்னு நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்.